அக்கா ஏறிய பாறை

விருத்தாசலத்துக்கு மேற்கே, எங்கள் ஊர் ஏரிக்கரையை ஒட்டி மூன்று சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. சுற்றிலும் கல் வெட்டி எடுத்தவர்கள் என்ன காரணத்தாலோ இந்த மூன்றை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பனைமரத்தைவிட உயரம். ஆடுகள் நிழலுக்கு ஒதுங்குவதைத் தவிர அவற்றால் ஊருக்கு ஒரு பயனும் இல்லை. எனக்குப் பத்து வயதான கோடையில் பெங்களூரிலிருந்து சிலர் கயிறும் ஹெல்மெட்டுமாக ஜீப்பில் வந்து இறங்கி, இந்தப் பாறைகளில் ஏறுவதற்காகவே வந்திருப்பதாகச் சொன்னபோது, ஊரே அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தது.

அவர்களுக்குத் தலைவியாக வந்த பெண்ணை நாங்கள் மேடம் என்றோம். தமிழ்க்காரர்தான். பிளஸ் டூ முடித்து வீட்டில் இருந்த அக்காவிடம் அவர்களுக்குக் குடிதண்ணீர் கொடுத்தனுப்பினாள் அம்மா. போனவள் திரும்பி வரவில்லை. தேடிக்கொண்டு நான் போனபோது, இடுப்பில் கயிறு கட்டி, சுடிதார் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, வெறுங்காலோடு பாதிப் பாறையில் இருந்தாள். எதைத் தொட்டாலும் கீழே போடுகிறவள் என்று அம்மாவிடம் தினமும் திட்டு வாங்குகிற அக்கா, ஒரு கல்லைக்கூட உதிர்க்காமல் மேலே போய்க்கொண்டிருந்தாள். உச்சியில் நின்று அவள் சிரித்த மாதிரி வீட்டில் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் இருந்தவரை தினமும் ஏறினாள். கிளம்புகிற அன்று மேடம் எங்கள் வீட்டுக்கே வந்தார். "இந்த மாதிரி கை எல்லாருக்கும் அமையாதுங்க. பெங்களூர்ல எங்ககிட்டயே தங்கிப் பழகட்டும். எடம் கெடச்சதும் போன் பண்றேன்." அப்பா தலையாட்டிவிட்டுத் தன் நம்பரைச் சொன்னார். வீட்டில் இருந்த ஒரே போன் அவருடையதுதான்.

ஜீப் போன மறுநாளே அக்கா கயிறில்லாமல் நடுப்பாறையில் ஏறினாள். கைக்கு மறந்துவிடக் கூடாதாம். வேன் ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பிய அப்பா பார்த்துவிட்டு ஓடிவந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். சத்தம் கேட்டு அவள் திடுக்கிட்டுவிடக் கூடாது. அந்த நேரம் பார்த்து அவள் பிடித்திருந்த கல் பெயர்ந்தது. ஒற்றைக் கையில் தொங்கினாள். அப்பா அடியில் போய் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார், அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறவளைப் பிடித்துவிட முடியும் என்பது போல.

அக்கா எப்படியோ காலை ஊன்றி இறங்கி வந்தாள். அப்பா அடிக்கவில்லை. ஒரு புதருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

"இனிமே இங்க வராதம்மா."

"கயிறு போட்டு ஏறுனா ஒண்ணும் ஆவாதுப்பா. அவுங்க சொல்லிக் குடுப்பாங்க."

அப்பா வேனை நோக்கி நடந்தார்.

அதன்பிறகு தினமும் வேன் சத்தம் கேட்டதும் அக்கா வாசலுக்கு வருவாள். "போன் வந்துச்சாப்பா?" "இல்லம்மா."

ஒருநாள் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போன அப்பா என்னையும் கூட்டிப்போனார். புவனகிரிப் பக்கம் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல், "சார் வணக்கம், நல்லாருக்கீங்களா?" என்றது. அப்பா வண்டியை ஓரம்கட்டி, போனோடு இறங்கிப்போனார். வரப்பில் எனக்கு முதுகைக் காட்டி நின்று வெகுநேரம் பேசினார். திரும்பி வரும்போது துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டே வந்தார்.

"யாருப்பா?"

"லோன் கம்பெனிக்காரங்க. தொல்லை ஜாஸ்தியாயிடுச்சு."

லோன் கம்பெனிக்காரர்கள் அப்பாக்களை அழவைப்பார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன். அது மேடத்தின் குரல் என்று புரிவதற்கு எனக்கு எத்தனையோ வருடங்கள் ஆயின. அன்று மாலையும் அக்கா கேட்டாள். அன்றும் அப்பா இல்லை என்றார்.

மெல்ல மெல்லக் கேட்பதை விட்டாள். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். "என்னவிட நல்லா ஏறுறவ கெடச்சிருப்பா" என்றாள் ஒருமுறை. "அவுங்க போன் தொலஞ்சிருக்கும்க்கா" என்று ஆறுதல் சொன்னேன். அவள் உள்ளங்கைக் காய்ப்பு உரிந்து, கை பழையபடி மெத்தென்று ஆனது. இன்று கடலூரில் புருஷன் வீட்டு மாடிக்குப் போகக்கூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறாள்.

அந்தக் கடலூர் மாப்பிள்ளையை மாமா கொண்டுவந்தார். நல்ல இடம். அக்கா யாரையும் பார்க்காமல் சரி என்றாள்.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் வந்து தெரிவிக்கலாம் என்பார் சாமியார். தடை என்றால் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருப்பது என்று அத்தை எனக்கு விளக்கியிருந்தாள்.

மூன்றாம் ஓலை வாசித்தபோது அக்கா தலையைத் திருப்பி, ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்திலிருந்த என்னைப் பார்த்தாள். எதையோ கேட்பதுபோல அந்தப் பார்வை என்மேல் நின்றது. அப்படியொரு பெண்டாட்டியைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. அதனால், ஒன்றும் இல்லையென்று சந்தோஷமாகத் தலையாட்டினேன்.