காரம் குறைத்த பேச்சு

நோயாளியின் வீட்டாருக்கும் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் சண்டை வந்தால் நடுவில் உட்கார்ந்து பேச ஆட்களைப் பழக்குவது என் வேலை. பெங்களூர் அடுகோடியில் நடந்த வகுப்பில், கன்னடம் தெரியாத ஒருவர் அப்பாவைப் பறிகொடுத்த மகனாக நடித்தார். தமிழ் தெரியாத ஒரு நர்ஸ், நர்ஸாகவே நடித்தார். மத்தியஸ்தராக உட்கார்ந்தவர் பெங்களூரிலேயே வளர்ந்த தமிழர்.

"நீங்கல்லாம் மனுஷங்களா? கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டையே வத்திப்போச்சு!" என்று மகன் கத்தினார்.

மத்தியஸ்தர் நர்ஸிடம், அவருக்குக் கொஞ்சம் 'பேஜார்', அதாவது மனவருத்தம், என்று மட்டும் கன்னடத்தில் சொன்னார். நர்ஸ் கண் கலங்க நிறையப் பேசினார். "சிஸ்டரும் வருத்தப்படறாங்க" என்று மகனிடம் அதையும் மத்தியஸ்தர் முடித்துவிட்டார்.

இரண்டு மொழியில் வளர்ந்தவர்களின் பழக்கம் இது. ஒரு பக்கத்துக் காரத்தை மறுபக்கம் போகவிட மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், அவங்க சொன்னதை அப்படியே சொல்லுங்க."

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பக்கத்து பெட்ல ஒருத்தருக்கு மூச்சு நின்னுபோச்சு. அவர் நெஞ்சை அமுக்கிட்டிருந்தேன். நீங்க கூப்பிட்டதெல்லாம் காதுல விழுந்துட்டேதான் இருந்துச்சு."

அடுத்து மகன் இன்னும் உரக்கக் கத்த வேண்டும் என்பதுதான் எங்கள் ஏற்பாடு. அவர் கத்தாமல் நர்ஸின் பக்கம் திரும்பினார்.

பிறகு கேட்டார்: "அவராவது பொழைச்சாரா, சிஸ்டர்?"