வெள்ளிக்கிழமை பத்தரைக்கு முன்

பள்ளிக்கூடத்தில் நான் நான்கு வருடம் கூடைப்பந்து அணியில் இருந்தேன். அதில் மைதானத்துக்குள் நின்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பதினொரு நிமிடம் தேறும். மிச்சமெல்லாம் பெஞ்சு. அதனால் பெஞ்சில் இருப்பவர்களை யாராவது நக்கலடித்தால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும்.

2009இல் பாரிசின் வடக்குப் புறநகரில் ஒரு கூடைப்பந்துக் கழகத்தில் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்குப் போனேன். சம்பளத்துக்கு ஆடும் அணி, ஆனால் இரண்டாம் பிரிவு. மூன்று வருடத்தில் அலுவலகத்துக்குள் வந்துவிட்டேன். வீரர்களின் பதிவுப் பத்திரங்கள், பேருந்து, ஹோட்டல் அறை என்று பந்தைத் தொடாத வேலையெல்லாம் என் தலையில்தான். வீடு தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில். மனைவிக்கு அங்கேயே ஒரு சேலைக் கடையில் வேலை.

ஒரு வருடம் எங்கள் அணி பருவக் கடைசியில் வரும் பிளே-ஓஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் எல்லோர் முகத்திலும் கிலி. காரணம் பெஞ்சு. முதல் ஐந்து பேர் இறங்கிப் பன்னிரண்டு புள்ளி முன்னிலை எடுத்துக் கொடுப்பார்கள். அவர்கள் மூச்சு வாங்க உட்கார்ந்ததும் மாற்று வீரர்கள் போவார்கள். ஆறு நிமிடத்தில் அந்தப் பன்னிரண்டும் காணாமல் போய்விடும். வாரத்துக்கு ஒரு ஆட்டம் என்றால் இதைச் சமாளிக்கலாம். பிளே-ஓஃபில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட வேண்டும். முதல் ஐவரின் முழங்கால்கள் அதற்குத் தாங்காது.

பயிற்சியாளர் பிரெஞ்சுக்காரர், முன்கோபி. அணி வென்றுகொண்டிருக்கும்வரை ஒரே டையைக் கழுவாமல் கட்டுவார். அதிலிருந்த கோப்பிக் கறைகளை எண்ணியே நாங்கள் எத்தனை ஆட்டம் வென்றோம் என்று சொல்லிவிடலாம். அவர் பெஞ்சைத் திருத்தப் படாதபாடு பட்டார். மாற்று வீரர்கள் ஐந்து பேரையும் தனி அணியாக்கி முதல் ஐவரோடு தினமும் மோதவிட்டார். உடம்பு ஆறிப்போய் உள்ளே இறங்குகிறார்கள் என்று பெஞ்சுக்குப் பின்னால் இரண்டு உடற்பயிற்சிச் சைக்கிள்களைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். என் பள்ளிக்கூடத்தில் யாராவது எனக்கு ஒரு சைக்கிள் வைத்திருந்தால் பதினொரு நிமிடம் இருபதாகியிருக்குமோ என்று யோசித்தபடியே அவற்றைத் தள்ளிக்கொண்டு போனேன். இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை மூடவில்லை. வளையத்துக்குக் கீழே நின்று திரும்பி வரும் பந்தைப் பிடிக்க உயரமான ஒரு மாற்று வீரர் வேண்டும்.

கிடைத்தார். முப்பத்தைந்து வயது, இரண்டு மீட்டர் ஏழு சென்டிமீட்டர் உயரம். தெற்கில் அவர் ஆடிய கழகம் பாதியில் கலைந்துவிட்டதால் மனைவியையும் சின்ன மகளையும் இரண்டு பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஹோட்டல் அறைக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். கட்டிலுக்கு வெளியே கால் நீண்டிருக்க உட்கார்ந்துகொண்டு, இது கிடைக்காவிட்டால் ஆட்டத்தை விட்டுவிடுவேன், இனி யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை என்றார். அவருடைய பத்திரங்கள் வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் கூடைப்பந்துச் சம்மேளனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் அந்தப் பருவத்தில் அவர் எங்களுக்கு ஆட முடியாது.

இங்கேதான் என் வண்டவாளம் வருகிறது. ரூ பெர்தொனே தெருவில் நாங்கள் சாமான் வாங்கும் பலசரக்குக் கடையில் ஒவ்வொரு தை மாதமும் நாள் கிழிக்கும் கலண்டர் கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒன்று வாங்கும்போது இன்னொன்றும் கேட்டு வாங்கி, அலுவலக அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில், வெள்ளைக்காரர் கண்ணில் படாமல் மாட்டி வைத்திருந்தேன். ராகு காலம் பார்க்கத்தான். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. மீறத் தைரியமும் இல்லை. அன்றைய தாளில் ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு மணிவரை என்று போட்டிருந்தது. கெடுவும் பன்னிரண்டு மணி. ஆகவே பத்தரைக்கு முன் அனுப்பியே தீருவது என்று முடிவு செய்தேன்.

காலை ஒன்பதுக்கே எல்லாம் தயார், மருத்துவச் சான்றிதழைத் தவிர. கழக மருத்துவர் மின்னஞ்சலில் அனுப்பட்டும் என்று காத்திருந்தேன். மணி பத்து. பத்தேகால். அலுமாரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பத்து இருபத்தைந்துக்கு மருத்துவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இணைப்பில் சான்றிதழ். கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். கோப்போடு சேர்த்தேன், அனுப்பினேன். பத்து இருபத்தொன்பது. ராகுவுக்கே தண்ணி காட்டிவிட்டேன் என்ற பெருமிதத்தோடு கோப்பி குடிக்கப் போனேன்.

பதினொன்று முப்பத்தைந்துக்குத் தொலைபேசி அடித்தது. சம்மேளனத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணி. குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. உங்கள் புது வீரர் பதினைந்து வயதுப் பெண்பிள்ளையா என்று கேட்டார்.

எங்கள் இளையோர் அணிப் பிள்ளை ஒருத்தியின் சான்றிதழை மருத்துவர் அனுப்பியிருக்கிறார்; நான் பெயரைக்கூடப் படிக்காமல் சேர்த்துவிட்டேன். சரியானதைப் பன்னிரண்டுக்குள் அனுப்பினால் ஏற்றுக்கொள்வதாக அந்தப் புண்ணியவதி சொன்னார். மருத்துவரின் எண்ணை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். எடுக்கவில்லை. வேறு வழி தெரியாமல் பயிற்சிக் கூடத்துக்கு ஓடினேன்.

புது வீரர் ஓர் ஓரமாக உட்கார்ந்து கணுக்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். அவர் நிதானமாகத் தன் பையைத் திறந்து, சப்பாத்துக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். மருத்துவர் நேற்றே இவர் கையில் கொடுத்துவிட்டாராம். கெடு எத்தனை மணிக்கு என்று தெரியாமல், பயிற்சி முடிந்து வந்து தரலாம் என்று வைத்திருந்தாராம். காலையில் ஒரு வார்த்தை அவரிடம் கேட்டிருந்தால் போதும். நான் கலண்டரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவரும் என்னோடு அலுவலகத்துக்கு வந்தார். பதினொன்று ஐம்பதுக்கு ஸ்கேனரில் தாளை வைத்துப் பெயரை மூன்று தடவை படித்தேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே என் விரல் நின்றுவிட்டது. ராகு காலம் இன்னும் முடியவில்லை. இந்த மனிதருடைய கடைசி வாய்ப்பை இந்த நேரத்திலா அனுப்புவது? அவர் ஒற்றைக் காலில் சப்பாத்தோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்று, ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். ஹோட்டல் அறையில் அவருடைய மகள் பெட்டி ஒன்றின் மேல் குதிரையேறி உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அழுத்திவிட்டேன்.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. அவர் என் தோளில் தட்டினார். நான் கதிரையோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரித்தோம்.

இதைப் பயிற்சியாளருக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மனம் கேட்கவில்லை. பயிற்சி முடிந்து பன்னிரண்டேகாலுக்கு அவருடைய அறைக் கதவைத் தட்டினேன். கலண்டர், அவசரம், பெண்பிள்ளையின் சான்றிதழ் என்று ஒன்று விடாமல் சொன்னேன். வேலை போகும் என்றே நினைத்தேன். அவர், அந்தக் கெட்ட நேரம் தினமும் வருமா என்று கேட்டார். ஆமாம், நாளுக்கு ஒரு நேரம் என்றேன். அப்படியானால் சுவரிலிருக்கும் என் பலகையில் எழுதிவை, அந்த நேரத்தில் உனக்கு வேலை தரமாட்டேன் என்றார். பிறகு தன் டையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

சுற்றின் கடைசி ஆட்டத்தில் எங்கள் முதல் ஐவரில் வளையத்துக்குக் கீழே நிற்பவர் ஐந்தாவது ஃபவுலோடு வெளியேறினார். ஒன்பது நிமிடம் மிச்சம், நான்கு புள்ளி முன்னிலை. சைக்கிளிலிருந்து இறங்கிய புதியவர் உள்ளே போனார். அவர் போட்டது இரண்டே புள்ளிகள். ஆனால் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளை மரத்திலிருந்து மாங்காய் பறிப்பதுபோல ஒவ்வொன்றாகப் பறித்தார். அந்த நான்கு புள்ளி கடைசிவரை கரையவில்லை. பெஞ்சு முழுக்க எழுந்து நின்று கத்தியது. நானும் கத்தினேன், தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. மனைவியிடம் முழுக் கதையையும் சொல்லலாம் என்று அவளுடைய கடைக்குப் போனேன். கல்யாணக் கூறைச்சேலைகளை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள் கலண்டர் என்றதும் நிமிர்ந்தாள்.

"எந்தக் கலண்டர்? அந்தப் பலசரக்குக் கடையில தந்ததோ? ஐயோ அப்பா, அது ஊர் நேரமெல்லோ!"

கூறை எடுக்க வருகிறவர்கள் நாள் பார்ப்பதற்காகக் கடையில் பாரிஸ் நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கம் ஒன்று உண்டு. அதை எடுத்து, நான் பத்திரம் அனுப்பிய வெள்ளிக்கிழமையை விரலால் தேடினாள்.

"அண்டைக்கு இஞ்ச சூரியன் எழும்பினதே ஏழரைக்கு. ராகு காலம் பன்னிரண்டேகாலுக்குத்தான் துவங்கியிருக்கு. நீங்கள் சும்மா ஓடியிருக்கிறியள்."

பஞ்சாங்கத்தை மூடப்போனவள் நிறுத்தினாள்.

"பன்னிரண்டேகாலுக்கு நீங்கள் ஒண்டும் செய்யேல்லைத்தானே?" என்று கேட்டாள்.

பன்னிரண்டேகாலுக்கு நான் பயிற்சியாளரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.