பனியில் தூங்கும் குடுவைச் செடி

மார்ச் மாதக் காலை, அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்னும் ஊர். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நண்பர் ரஹீமும் நானும் அவர் வீட்டுக் கொல்லையில், மண்ணில் பாதி புதைத்த பிளாஸ்டிக் தொட்டி முன்னால் குந்தியிருக்கிறோம். தொட்டி நிறைய பைன் மரத்து ஊசி இலைகள். அடியில், பூச்சி பிடித்துத் தின்னும் குடுவைச் செடி. குளிர்காலத்தைத் தாண்டி உயிரோடு இருக்கிறதா என்று இப்போதுதான் பார்க்கப் போகிறோம்.

"முந்தின வின்டர்ல பழைய செடியை வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போய், கறிவேப்பிலையோட ஹீட்டர் பக்கத்துல வச்சேண்ணே. கறிவேப்பிலை பிழைச்சுது, அது போயிடுச்சு. இது புதுசு. இந்த ஊர்ச் சதுப்புல வளர்ற செடி. குளிர்ல தூங்கினாத்தான் பிழைக்குமாம், அப்புறம்தான் படிச்சேன். செத்துடும்னு கொண்டு போனேன், கொண்டு போனதால செத்துது!"

இந்தப் பயணத்தில் கேட்ட பேச்சிலேயே எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

சமையலறைக் கதவிலிருந்து அவர் மனைவி ஷமீமா சிரிக்கிறார். "இதுவும் போச்சுன்னா அந்தத் தொட்டியில புதினா போட்டுடுவேன். அண்ணே, நீங்கதான் சாட்சி!"

ரஹீம் கையுறையைக் கழற்றிவிட்டு இலைகளை விலக்குகிறார். பழைய குடுவைகள் கருகிக் கிடக்கின்றன. அவர் முகம் சுருங்குகிறது. அடித்தண்டை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கிறார்.

"கெட்டியா இருக்குண்ணே!"

நடுவில் சிவப்பாக, மிளகளவு ஒரு மொட்டு.

செருப்புகூடப் போடாமல் ஓடி வருகிறார் ஷமீமா. குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்.

"பாத்தது போதும், மூடுங்க. ஏப்ரல்லயும் இங்க ஸ்னோ விழும்" என்றபடி, தானே இரு கையாலும் இலைகளை அள்ளிப் போர்த்துகிறார்.