வயர் வழியே வரவேண்டிய தம்பி

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி ஏழு நிமிடம். சின்னவள் மேஜைமேல் இருந்த மடிக்கணினியையும் அலமாரியில் இருந்த ரவுட்டர் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டியில் எல்லா விளக்கும் பச்சை. கணினியிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் தம்பி மட்டும் ஆட்டத்துக்குள் வரவில்லை.

"சின்னக்கா, சுத்திக்கிட்டே இருக்கு. அப்புறம் இணைக்க முடியலைன்னு வருது," என்றான் போனில்.

"இருடா, பார்க்கிறேன்."

"அஞ்சு மணிக்கு எனக்கு ஷிப்ட்."

தம்பி வெளியூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். சின்னவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். இருபது வருடமாக ஊரார் பார்வையைத் தெளிய வைத்தவளுக்கு இன்று தன் வீட்டு மேஜையே மங்கலாகத் தெரிந்தது.

கடை சேல்ஸ்மேன்தான் இந்த ஆட்டத்தைப் பழக்கிவிட்டவன். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக நின்று, பகடை உருட்டி, காடு கடந்து கோட்டை பிடிக்க வேண்டும். ஆட்டம் ஓடுவது சின்னவளின் கணினியில். வெளியூர்க்காரர்கள் இணையம் வழியாக அவள் வீட்டுக்கே வந்துதான் ஆட முடியும். அதற்காக ரவுட்டரில் 'போர்ட்' என்கிற கதவைத் திறந்துவிட்டு, வீட்டின் இணைய முகவரியான நீள எண்ணை வெள்ளிக்கிழமையே தம்பிக்கு அனுப்பியிருந்தாள். அன்றே சேல்ஸ்மேன் தன் வீட்டிலிருந்து உள்ளே வந்து பார்த்து, "சூப்பர் மேடம்" என்றுகூடச் சொன்னான்.

இரண்டே நாளில் என்ன ஆயிற்று?

வெறும் ஆட்டமென்றால் போகட்டும் என்று விட்டிருப்பாள். மூன்று வருடத்துக்கு முன் அம்மா போனபோது, தம்பி ஒரு பகலும் ஓர் இரவும் பயணம் செய்து ஓடி வந்தான். வீடு பூட்டிக் கிடந்தது. இனித் தாமதிக்க முடியாது என்று பெரியக்கா முடிவெடுத்து, எல்லோரும் அம்மாவை அடக்கம் செய்யப் போயிருந்தார்கள். பூட்டிய கதவின்முன் படியில் உட்கார்ந்திருந்தவன், அன்றோடு பெரியக்காவிடம் பேச்சை நிறுத்தினான். சின்னவள் எத்தனையோ தூது போனாள். கடைசியில், "ஆட்டத்துக்கு வேணா வர்றேன். அதுவும் ஒரே ஒரு தடவை" என்று இறங்கி வந்தான்.

அந்த ஒரு தடவை இது!

"எனக்கு நல்லாத்தானே தெரியுது?" என்றாள் பெரியக்கா, அடுத்த அறையில் தன் போனில் ஆட்டத்தைத் திறந்தபடி. "என் ஆள் கோட்டை வாசல்ல நிக்கிறா பாரு. தலையில என்னடி அது, சட்டியா?"

"கவசம்க்கா. கொஞ்சம் சும்மா இரு."

சின்னவள் ஆட்டத்தை மூடித் திறந்தாள். வெளியாட்களைத் தடுக்கும் காவல் மென்பொருளைக் கணினியில் நிறுத்திப் பார்த்தாள். போர்ட் திறந்தபடியே இருந்தது.

"பெரியக்கா உள்ள இருக்காங்களா?" என்றான் தம்பி.

"இருக்காடா."

"அவங்களுக்குத் திறக்குது. எனக்கு மட்டும் பூட்டா? புரியுது சின்னக்கா. பழகின பூட்டுதான்."

அந்தச் சொல் ஈட்டியாய்ப் பாய்ந்தது. "அப்படி இல்லடா ராஜா!" என்றாள். வேறு எப்படி என்று அவளுக்கே தெரியாதே!

சேல்ஸ்மேனை அழைத்தாள். அவன் தன் வீட்டிலிருந்து முயன்றுவிட்டு, "எனக்கும் வரல மேடம்" என்றான்.

அப்பாடா, தம்பிக்கு மட்டும் இல்லை! ஆனால் பெரியக்காவுக்கு மட்டும் எப்படி? அவள் வீட்டுக்குள்ளேயே இருப்பவள். வெளி முகவரி அவளுக்கு எதற்கு?

வெளி முகவரி.

கடையில் கண்ணாடி சரியில்லை என்று யார் வந்தாலும் சின்னவள் முதலில் செய்வது ஒன்றுதான்: டாக்டர் சீட்டையும் லென்ஸையும் பக்கத்தில் வைத்து எண்ணுக்கு எண் ஒப்பிடுவாள். வெள்ளிக்கிழமை அனுப்பிய எண்ணையும் இணையம் இப்போது காட்டும் எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்தாள். கடைசி மூன்று இலக்கம் வேறாக இருந்தது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் முகவரி மாறிவிடலாம் என்று சேல்ஸ்மேன் என்றோ சொன்னது நினைவுக்கு வந்தது.

"அக்கா! இந்தப் பெட்டியை யாராவது அணைச்சாங்களா?"

பெரியக்கா அறை வாசலில் வந்து நின்றாள். கையில் தூசித் துணி. அப்போதுதான் சின்னவள் கவனித்தாள்: ஜன்னல் கம்பி மின்னியது, மின்விசிறி இறக்கையில் கறுப்பு இல்லை.

"காலையில வயரைப் பிடுங்கித் துடைச்சேன். திரும்பச் சொருகிட்டேனே? பச்சை விளக்கெல்லாம் வந்துச்சே?" அவள் பெட்டியை எட்டிப் பார்த்தாள். "நானா கெடுத்தேன்?"

சின்னவள் உடனே தம்பிக்கு, 'பெட்டியை அணைச்சதுல நம்பர் மாறிடுச்சு' என்று செய்தி தட்டினாள். கூடவே புது எண்ணையும் அனுப்பினாள். மணி நான்கு ஐம்பத்து மூன்று. போன் மௌனமாக இருந்தது. போய்விட்டானோ?

திரையில், கோட்டை வாசலில், சட்டிக் கவசத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன உருவம் வந்து நின்றது.

"யாரு அணைச்சது?" என்றது கணினியிலிருந்து தம்பியின் குரல்.

"நான்தான்டா," என்றாள் பெரியக்கா. "நீ வர்றேன்னு வீட்டைத் துடைச்சேன்."

தம்பியின் உருவம் சட்டிக் கவசத்தின் பக்கம் திரும்பியது.

"நான் வயர்லதானே வர்றேன்? அதுக்கு எதுக்கு வீட்டைத் துடைக்கிற?"

"எது வழியா வந்தா என்னடா? வர்றது நீதானே?"

மறுமுனையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சின்னவள் ஒரு வாரமாக எழுதி வைத்திருந்த கதை, காடு, கொள்ளையர் எல்லாம் மறந்துபோய் விழித்தாள். இப்போது முதலில் யார் பகடை உருட்டுவது?

யாரும் உருட்டவில்லை. ஷிப்ட் நேரமாகிவிட்டது.

"பெரியக்கா," என்றான் தம்பி, "அடுத்த ஞாயிறு அந்தப் பெட்டிப் பக்கமே போகாத."

உருவம் மறைந்தது. அடுத்த ஞாயிறு என்றானா? சின்னவள் தன் காதையே நம்பாமல் அக்காவைப் பார்த்தாள். பெரியக்கா தூசித் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.