தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உலகம் சுற்றியவர்

கிரெனடாத் தீவின் குவாவ் ஊரில் வெளிநாட்டைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அல்பன் கடோரிடம்தான் போவார்கள். நார்வேயில் குளிர் எப்படி, வெனிஸில் தெருவே கிடையாதாமே, கிரேக்கர்கள் மீனை வறுப்பார்களா சுடுவார்களா என்று எதைக் கேட்டாலும் அல்பன் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு பதில் சொல்லுவார். அந்தக் கண் மூடலிலேயே பாதி ஊர் சொக்கிப்போய்விடும். இருபத்து நான்கு வருஷம் சொகுசுக் கப்பலில் வேலை பார்த்தவர். அறுபத்தொரு நாடுகள். மீன்சந்தையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. “உலகம் வர்றாரு, பெஞ்சுல இடம் விடுங்க” என்பார்கள்.

உலகம் பார்த்த வேலை சலவை.

கப்பலின் சலவைக்கூடம் கடல் மட்டத்துக்கு இரண்டு தளம் கீழே இருந்தது. அங்கே ஜன்னல் கிடையாது. வைத்தாலும் மீன்கள்தான் எட்டிப் பார்த்திருக்கும். கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றால் மூவாயிரம் பயணிகளும் ஊர் பார்க்க இறங்குவார்கள். அவர்கள் இறங்கிய அதே நிமிஷம் அவர்களுடைய படுக்கை விரிப்பும் துண்டும் சலவைக்கூடத்துக்கு இறங்கும். ஆக, நாடு எவ்வளவு அழகோ அவ்வளவு வேலை. அலாஸ்கா என்றால் அல்பனுக்கு ஈரக் கம்பளிக் காலுறை. இத்தாலி என்றால் மேசை விரிப்பில் தக்காளிச் சாறும் சிவப்பு ஒயினும். கிரேக்கம் என்றால் வெயிலில் தோல் உரிந்தவர்கள் பூசிக்கொண்ட களிம்பு, வெந்நீருக்கும் மசியாத கறை.

எப்போதாவது ஒரு மணி நேர விடுப்பு கிடைக்கும். துறைமுக வாசலை ஒட்டி ஒரு தொலைபேசிக் கடை எல்லா நாட்டிலும் இருக்கும். அங்கே போய் மனைவி இஸ்மேயைக் கூப்பிடுவார்.

“இப்ப ஆன்டிகுவாவுல நிக்கிறேன்.”

“எப்படி இருக்கு?”

“அழகுன்னா அப்படி ஒரு அழகு” என்பார், கடைச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தபடி.

அவர் பொய் சொன்னார் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பயணிகள் மேலே பேசிக்கொள்வதைப் பரிமாறுகிறவர்கள் கேட்டுவந்து, ஊழியர் சாப்பாட்டு அறையில் சொல்லுவார்கள். அல்பனுக்கு நல்ல ஞாபகசக்தி. வாங்கியது இரண்டாம் கை, விற்றது முதல் கை. அவ்வளவுதான்.

இஸ்மே அதே இருபத்து நான்கு வருஷமும் எங்கள் ஊர் ஜாதிக்காய்க் கிட்டங்கியில் காய் தரம் பிரித்தாள். இரண்டு பெண்களை வளர்த்து டொரோண்டோவுக்கு அனுப்பினாள். அவள் பார்த்த வெளியூர் பக்கத்துத் தீவான கரியாகூ. ஒரு சாவுக்காகப் படகில் போனாள். போகும்போதும் வரும்போதும் வாந்தி எடுத்ததால் அதையும் சரியாகப் பார்க்கவில்லை.

அல்பன் ஓய்வு பெற்றபோது கம்பெனி ஒரு கண்ணாடிப் பலகை கொடுத்தது. அதில் அவர் பெயரை ‘அல்பேனியா கடோர்’ என்று பொறித்திருந்தார்கள். கூடவே, இரண்டு பேர் பயணிகளாக ஏழு நாள் கப்பலில் போக ஒரு சான்றிதழ். கம்பெனியின் நன்றிக்கு எல்லையே இல்லை, நிபந்தனைகள் மட்டும் ஒன்றரைப் பக்கம். தேதி கம்பெனி சொல்வது. வழித்தடம் கம்பெனி சொல்வது. அறை உள்பக்கம், ஜன்னல் இல்லாதது. ஏதாவது ஒரே ஒரு துறைமுகத்தில் இலவச பஸ் சுற்றுலா, எந்தத் துறைமுகம் என்பதும் கம்பெனி சொல்வது.

அல்பன் அதை அலமாரியில் துணிக்கடியில் வைத்தார். இஸ்மே எடுத்துவிட்டாள்.

“ரெண்டு பேருக்குன்னு போட்டிருக்கு?”

“அதெல்லாம் சும்மா மரியாதைக்குக் குடுக்கிறது. யாரும் போறதில்லை.”

“நாம போவோம். இத்தனை வருஷமா நீ சொல்லச் சொல்லக் கேட்டாச்சு. இப்ப நீ காட்டு, நான் பாக்குறேன்.”

தப்பிக்க ஒரு வரி கிடைக்குமா என்று அல்பன் நிபந்தனைகளை முதலிலிருந்து மறுபடி படித்தார்.

வீட்டுச் சாவி, இரண்டு ஆடுகள், மாமரம், ஈரப்பலா மரம் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுப் பிலோமினிடம் ஒப்படைத்துவிட்டு, சின்ன விமானத்தில் பார்படோஸ் போய், பிரிட்ஜ்டவுனில் கப்பலேறினார்கள். ஏறினார்கள் என்றால், இஸ்மே ஏறினாள். அல்பனின் கால்கள் தம் பாட்டுக்கு ஊழியர் வாசலுக்குப் போய் நின்றன. பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். முதல் நாள் சாப்பாட்டில் அல்பன் மேசை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “சலவைச் சோடா பத்தலை” என்றார்.

“சாப்பிடு” என்றாள் இஸ்மே.

ஒரே மேசையில் ஒரு ஓய்வுபெற்ற அமெரிக்கப் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். இது தன்னுடைய நாற்பதாவது கப்பல் பயணம் என்று மூன்று தடவை சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். கிரெனடா என்றதும், ஏறக்குறைய அதே பெயருள்ள வேறொரு ஊரை நினைத்துக்கொண்டு, “ஓ, ஸ்பெயின்! ஆங்கிலம் நல்லா பேசுறீங்க” என்றார். நாற்பது பயணம் மனிதனை எவ்வளவு விசாலமாக்கிவிடுகிறது பாருங்கள்.

அறையைத் துப்புரவு செய்கிறவன் பிலிப்பைன்ஸ்காரன், ரோடெல். அல்பனோடு எட்டு வருஷம் வேலை பார்த்தவன். காலையில் அவன் வருவதற்குள் அல்பன் படுக்கையை விரித்து, துண்டுகளை மடித்து அடுக்கிவிட்டிருந்தார். “குயா” என்று கையெடுத்துக் கும்பிட்டான், அவர்கள் பாஷையில் அண்ணன். “கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க, குயா. நீங்க இப்படி மடிச்சா, நான் மடிக்கிறதைப் பாத்து மேலதிகாரி என்னைத் திட்டுவான்.”

செயின்ட் லூசியாவில் மழை, யாரும் இறங்கவில்லை, அல்பன் தப்பித்தார். மூன்றாம் நாள் ஆன்டிகுவா.

“இங்க எத்தனை தடவை வந்திருக்கே?” என்றாள் இஸ்மே, தொப்பியைச் சரிசெய்தபடி.

“முப்பத்தாறு.”

வாசலைத் தாண்டி அல்பன் மிடுக்காக வலது பக்கம் திரும்பினார். ஐம்பது அடியில் அவருடைய தொலைபேசிக் கடை இருந்த இடத்தில் கறுப்புக்கண்ணாடி விற்றுக்கொண்டிருந்தார்கள். அத்தோடு அவருக்குத் தெரிந்த ஆன்டிகுவா முடிந்தது.

“கடற்கரைக்கு எப்படிப் போறது?”

அல்பன் கையை ஒரு திசையில் நீட்டினார். அந்தத் திசையில் முக்கால் மணி நேரம் நடந்தார்கள். முடிவில் ஒரு சிமென்ட் கிடங்கும், வேலி ஓரமாக ஏழெட்டு மாடுகளும் இருந்தன. மாடுகள் அவர்களைப் பார்த்தன. எதிரே அன்னாசி விற்கும் ஒரு அம்மாள் குடைக்கடியிலிருந்து கேட்டாள்:

“எங்க போகணும் கண்ணு?”

“கடற்கரைக்கு.”

“கடற்கரையா? அது உங்களுக்குப் பின்னாடியில்ல இருக்கு! யாரு வழி சொன்னா?”

இஸ்மே ஒரு அன்னாசி வாங்கினாள். கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அல்பனுக்கும் இடம் விட்டாள். திட்டாமல் இடம் விட்டது அவருக்குப் பயமாக இருந்தது.

“அலாஸ்காவுல பனிமலை ஒடைஞ்சு கடல்ல விழுந்துச்சு, இடி மாதிரி சத்தம்னியே?”

“சத்தம் கேட்டுச்சு, இஸ்மே. இரும்புச் சுவர் வழியா. மேல போய்ப் பாக்கத்தான் விடலை.”

“வெனிஸ்?”

“துண்டு.”

“என்ன துண்டு?”

“குளிக்கிற துண்டு. அன்னிக்கு மட்டும் ஆறாயிரம்.”

“கிரேக்க நாட்டுக் கோயில்? தூணு தூணா நிக்குதுன்னியே, நான் போய்ப் பிலோமின் கிட்ட வேற சொன்னேன்.”

“அது ஒருத்தர் சட்டைல போட்டிருந்துச்சு.”

இஸ்மே சிரிக்க ஆரம்பித்தாள். அன்னாசிச் சாறு முழங்கை வரை வழிய, தோள் குலுங்கச் சிரித்தாள். அன்னாசிக்காரியும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தாள். பிறகு இஸ்மே சட்டென்று நிறுத்திவிட்டுக் கத்தினாள்.

“நான் இங்க புழுதியில காய் பொறுக்கிக்கிட்டு இருக்கேன், இந்த மனுஷன் ராஜா மாதிரி ஊர் சுத்துறான்னு எத்தனை நாள் உன்னை வயிறெரிஞ்சு திட்டியிருக்கேன் தெரியுமா? அத்தனையும் வீணா?”

“மன்னிச்சுக்க.”

“முதல்லயே சொல்லியிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன்ல!”

கொஞ்ச நேரம் கழித்து அல்பன் மெதுவாகச் சொன்னார்: “போன்ல நீ ‘எப்படி இருக்கு’ன்னு கேக்குறப்போ, துணி நெறைய இருக்குன்னு சொல்ல வாய் வரலை.” இஸ்மே தன் பங்கில் பாதி அன்னாசியை அவரிடம் நீட்டினாள்.

அன்றிலிருந்து வழி இஸ்மேயுடையது. அவளுக்கு ஒரு வழியும் தெரியாது, ஆனால் வாய் இருந்தது. கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் கேட்டாள், உள்ளூர் பஸ்ஸில் ஏறினாள். செயின்ட் மார்ட்டினில் விமானம் கடற்கரையில் நிற்பவர்களின் தலையை உரசிக்கொண்டு இறங்குவதைப் பார்த்து அல்பன் மணலில் குப்புற விழுந்தார். டொமினிகாவில் மலைக்கு நடுவே சூடாகவே ஓடும் ஓடையில் காலை விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன யோசனை?” என்றாள். “தண்ணி நாப்பது டிகிரி இருக்கும்” என்றார். “கலர் துணிக்குச் சரியான சூடு.”

ஆறாம் நாள் கிரெனடா. கம்பெனி தன் இலவச பஸ் சுற்றுலாவை அறுபத்தொரு நாட்டிலும் தேடி அலசி, கடைசியில் இந்தத் துறைமுகத்துக்குத்தான் கொடுத்திருந்தது: ‘அசல் கிராம வாழ்க்கை, குவாவ்’.

“சும்மா கிடைக்கிறதை எதுக்கு விடணும்” என்று இஸ்மே முதல் வரிசையில் உட்கார்ந்தாள். வழிகாட்டி கெண்டல், பிலோமினின் அக்கா மகன், பூப்போட்ட சட்டையில் ஒலிபெருக்கியோடு ஏறினான். அவளைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

“டான்டி!” என்றான், எங்கள் ஊரில் அத்தைமாரைக் கூப்பிடுவது அப்படித்தான். “நீங்க எங்க இங்க?”

“சுற்றுலா. ஆரம்பிடா.”

வேறு வழியில்லாமல் ஆரம்பித்தான். “இந்த மக்கள் எளிமையானவங்க. நேரம் பாக்குற வழக்கமே இவங்களுக்குக் கிடையாது.”

இஸ்மே மணிக்கட்டை உயர்த்தினாள். “பத்து இருபது, கெண்டல்.”

“அதோ, அந்த மரம் முன்னூறு வருஷப் பழசு.”

“உங்க அப்பா நட்டதுடா. குழி தோண்டினது நான்.”

பின்னால் பல் டாக்டர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார். கெண்டலுக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில், “இப்ப... ஒரு பாரம்பரிய மீனவர் வீடு” என்றான். பஸ் நின்றது அல்பனின் வீட்டு வாசலில்.

வராந்தாவில் பிலோமின் உட்கார்ந்திருந்தாள், இஸ்மேயின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு. முன்னால் கூடை நிறைய இஸ்மேயின் மாம்பழம். இரண்டு ஆடுகளுக்கும் கழுத்தில் சிவப்பு ரிப்பன். கயிற்றில் வலை ஒன்று தொங்கியது. அல்பன் வாழ்நாளில் வலை வீசியதில்லை.

இஸ்மே கத்துவாள் என்று நினைத்த கெண்டல் டிரைவருக்குப் பின்னால் ஒளிந்தான். அவள் கத்தவில்லை. வெள்ளைக்காரர்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கேட்டாள்:

“மாம்பழம் என்ன விலை, அம்மா?”

பிலோமின் நிமிர்ந்தாள். “உனக்கு என்ன விலை இஸ்மே... சும்மாவே எடுத்துக்கோயேன்.”

“என் மரத்துக் காயை எனக்கே சும்மா குடுக்கிறியே, இந்த மனசு யாருக்கு வரும்! இன்னிக்கு எத்தனாவது பஸ்?”

“மூணாவது.”

“ஆட்டுக்குத் தண்ணி வச்சியா?”

“வச்சேன், சத்தியமா வச்சேன்.”

“தொப்பியைக் கழட்டு. அது உனக்குச் சேரலை.”

இதற்கிடையில் பல் டாக்டர் அல்பனை ஆட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். ஆறு நாள் ஒரே மேசையில் சாப்பிட்டவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. “அருமை, இவர் அசல்” என்று மனைவியிடம் சொன்னார்.

அல்பன் தன் படுக்கையைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டார். “நான் வரலை. இங்கேயே இருந்துக்கிறேன்.”

“சான்றிதழ் பிரிட்ஜ்டவுன் வரைக்கும் இருக்கு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இறால்.”

“நீ போ. நிஜமாத்தான் சொல்றேன்.”

ஆனால் சொந்த வீட்டில் தங்க நினைத்தவர் சொந்த வீட்டிலேயே தங்கிவிட முடியுமா? பாஸ்போர்ட்டும் பெட்டியும் கப்பலில் இருந்தன. மறுபடி பஸ்ஸேறித் துறைமுகம் போய், பெட்டியை இறக்கி, குடியேற்ற அதிகாரி முன்னால் நின்றார்.

“எங்கேர்ந்து வர்றீங்க?”

“வீட்டிலேர்ந்து.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

இஸ்மே தனியாகப் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது: பார்படோஸில் ஒரு விதவை சிநேகிதமாகிவிட்டாளாம், அவள் வீட்டில் மீன் வறுவல் பிரமாதமாம். அல்பன் தனியாக ஆடு மேய்த்தார். அவருக்கு வயிறெரிந்தது. அந்த எரிச்சல் புதிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மீன்சந்தையில் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். தான் எதையும் பார்த்ததில்லை, பார்த்ததெல்லாம் அழுக்குத் துணி என்றார். பிறகு ஒரு மீனவர் கண் கலங்க, “பாத்தீங்களா, இவ்வளவு ஊர் பாத்தும் என்னா தன்னடக்கம்!” என்றார். அல்பனுடைய மதிப்பு ஒரு படி ஏறியது. திரும்பி வந்த இஸ்மே, மலை நடுவே சுடுதண்ணீர் ஓடுவதையும், தலைக்கு மேல் விமானம் போவதையும் உள்ளது உள்ளபடி சொன்னாள். அவளை மட்டும் ஒருத்தரும் நம்பவில்லை. ஒரு வாரம் கப்பலில் போய்விட்டு வந்து எப்படி அளக்கிறாள் பாருங்கள் என்றார்கள்.

அவள் கவலைப்படவில்லை. ஆகஸ்டில் கயானாவுக்குக் கிளம்பினாள், அல்பனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனார். ஜார்ஜ்டவுன் சந்தையில் அவள் துணி பேரம் பேசிக்கொண்டிருந்தபோது ஆளைக் காணோம். இரண்டு மணி நேரம் தேடி, எங்கோ ஒரு மூலையில் கரும்புச்சாறு வண்டி பக்கத்தில் கண்டுபிடித்தாள். சட்டை நனைந்திருந்தது, ஒரு செருப்பு அறுந்திருந்தது.

“எங்கய்யா போனே?”

“தெரியலை, இஸ்மே” என்றார் அல்பன். முகமெல்லாம் பூரிப்பு. “சத்தியமா ஒண்ணுமே தெரியலை. வா, அந்தப் பக்கம் இன்னும் போகவே இல்லை.”