ரெஜினாவின் காலி ஃபோல்டர்

இன்று காலை வரை உறுதியான செய்தி இது: ரெஜினாவின் கணவர் ஸேவியர் ஓட்டிய கடைசி பஸ் டிரிப்பின் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றுகூட அழியவில்லை. சொன்னவர் மன்னார்புரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பாஷா பாய். கேமரா கார்டிலிருந்து இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைக் கடை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார். சனிக்கிழமையே நானும் அந்தப் படங்களைக் கண்ணால் பார்த்துவிட்டேன். ரெஜினாவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. மறைந்தவரைப் பற்றி எழுதும்போது இப்படியா தொடங்குவது என்று யாராவது கேட்கலாம். ரெஜினா கேட்டிருக்க மாட்டார். "மேட்டர் மேல வரட்டும் சார், மத்ததெல்லாம் கீழ போகட்டும்" என்று என் செய்திகளையே திருத்தியவர் அவர்.

அவர் இறந்த செய்தி எனக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் வந்தது. அன்று நாங்கள் இருவரும் உப்பிலியபுரம் போவதாக இருந்தோம். பச்சமலை அடிவாரத்தில் நல்ல மழை பெய்து விதைப்பு தொடங்கியிருந்தது. எழுதுவது நான், படம் ரெஜினா. துறையூர் பஸ்ஸில் துண்டு போட்டு இரண்டு சீட் பிடித்துவிட்டுக் கீழே இறங்கி நின்றேன். எப்போதும் எனக்கு முன்னால் வந்து நிற்பவர் அன்று வரவில்லை. போன் அடித்தது. அவருடைய எண். பேசியது அவர் கணவர் ஸேவியர். "சார், ரெஜினா வர மாட்டா சார்" என்றார். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. விடியற்காலையில் நெஞ்சு வலி என்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கண்டக்டர் என் துண்டை எடுத்து வந்து கையில் கொடுத்தது நினைவிருக்கிறது. பஸ் எப்போது கிளம்பியது என்பது நினைவில் இல்லை.

ரெஜினா எங்கள் பத்திரிகையின் போட்டோகிராபர். ஸேவியர் டவுன் பஸ் டிரைவர். சத்திரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையிலேயே தன் சர்வீஸில் பெரும் பகுதியை ஓட்டி முடித்து அண்மையில்தான் ஓய்வு பெற்றார். இந்தக் கட்டுரையில் வரப்போவது இந்த இருவரும் ஒரு கேமராவும்தான்.

அவருடைய வேலையை நான் முதலில் கவனித்தது கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த ஒரு நாளில். பாலத்தின் மேல் எல்லாப் பத்திரிகைக்காரர்களும் நின்றிருந்தோம். மற்ற கேமராக்களின் திரைகளில் படங்கள் பளபளத்தன. ரெஜினாவின் திரை மட்டும் மங்கலாக இருந்தது. பேட்டரி தீர்கிறதோ என்று கேட்டேன். வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பதாகச் சொன்னார். வெளிச்சத்தைக் கூட்டினால் திரைதான் அழகாகும், படம் எடுத்தபடியே இருக்கும் என்பது அவர் வாதம். திரையை நம்பாமல், அதன் மூலையில் தெரியும் சின்ன வரைபடத்தை மட்டும் பார்ப்பார். ஒரு படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்பதை அது மேடு பள்ளமாகக் காட்டும். "நம்ம மலைக்கோட்டை மாதிரி நடுவுல எழும்பி நிக்கணும் சார். இடது பக்கம் ஒதுங்கினா இருட்டு, வலது பக்கம் ஒதுங்கினா வெளுத்துடும்" என்றார். மறுநாள் மற்றவர்களின் வெள்ளம் கறுப்பாக அச்சாகியிருந்தது. எங்கள் பக்கத்தில், தண்ணீருக்கு நடுவே கம்பத்தில் ஏறி நின்ற லைன்மேனின் சட்டை மடிப்புகூடத் தெரிந்தது.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பெருமாள் புறப்பாட்டுக்காகக் கூட்டம் காத்திருந்தது. ஒரு பெரியவர், பளிச்சென்று திருமண், வாய் நிறையக் கொட்டாவி. ரெஜினா எடுத்துவிட்டார். பெரியவர் பார்த்துவிட்டார். "ஏம்மா, அடியேன் கொட்டாவி விடறச்சேயா படம் பிடிக்கணும்? நாளைக்கு லோகமே சிரிக்குமே. அழிச்சுடுங்கோ அதை" என்று வழியை மறித்தார். நான் சமாதானம் சொல்லப் போனேன். ரெஜினா என்னை நிறுத்திவிட்டு, படத்தைத் திரையில் வரவழைத்து, அழிக்கவா என்று கேமரா கேட்கும் இடம் வரை கொண்டுபோய், அப்படியே அவர் கையில் கொடுத்தார். "நீங்களே அழுத்திடுங்க சாமி. இந்த பட்டன்தான்." பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தன் முகத்தைப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்து பார்த்தார். "கொட்டாவியிலயும் ஒரு களை இருக்கத்தான் செய்யறது. இருந்துட்டுப் போகட்டும்" என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். படம் வெளியான அன்று பத்திரிகையை எடுத்துக்கொண்டு வீதி முழுக்கக் காட்டினார் என்று கேள்வி. திரும்பி வரும்போது, அவர் அழித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று ரெஜினாவைக் கேட்டேன். "அவங்க மொகம் சார். அவங்க முடிவு" என்றார்.

எடுத்த படங்களைத் தரம் பிரிப்பதற்கு அவருக்கு ஆபீஸ் தேவையில்லை. திரும்பும் டவுன் பஸ்ஸே போதும். ஜன்னலோரம் உட்கார்ந்து, வேண்டியவற்றுக்கு மட்டும் பூட்டுப் போடுவார். பூட்டிய படத்தின் மூலையில் ஒரு சின்னச் சாவி தெரியும். பிறகு எல்லாவற்றையும் அழி என்று சொன்னாலும் கேமரா சாவி போட்டவற்றைத் தொடாது. "சாவி போட்டுட்டேன் சார்" என்றால் படம் தேறிவிட்டது என்று எங்களுக்கு அர்த்தம். ஆனால் கார்டை மொத்தமாக ஃபார்மட் செய்தால் சாவி போட்டதும் போய்விடும். புதிதாக வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வார்: "ஃபார்மட்டுக்குச் சாவியும் தெரியாது, சாமியும் தெரியாது."

அந்த பஸ்ஸை ஸேவியர் ஓட்டும் நாட்களில் இவர் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காருவார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஸேவியர் கேட்பார், "என்னத்த அழிச்சுட்டு வர?" ரெஜினா நிமிராமல் சொல்வார், "நம்ம கல்யாண ஆல்பத்த. ரோட்டைப் பாருங்க." காவிரிப் பாலத்தில் முன் சீட்டு முழுக்கச் சிரித்து நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பழக்கம் அவருக்கு இருந்தது. இதை மட்டும் நீங்கள் மறக்காமல் வைத்துக்கொண்டால் மீதிக் கதை விளங்கும். எந்த வேலைக்குப் போவதாக இருந்தாலும் முந்தின நாள் சாயங்காலம் கேமராவில் புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கிவிடுவார். நடப்பு ஃபோல்டரில் இருப்பதை மட்டும் திரை காட்டும்படி வைத்திருப்பார். மறுநாள் கேமராவைத் திறந்தால் படம் எதுவும் இல்லை என்றுதான் வரும். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "நேத்து எடுத்த நல்ல படம் கண்ணுல பட்டுச்சுன்னா இன்னிக்கும் அதையேதான் எடுப்போம் சார்" என்றார். அதே காரணத்துக்காக, எடுத்த படம் உடனே திரையில் வந்து நிற்பதையும் நிறுத்தி வைத்திருந்தார்.

ஸேவியரின் கடைசி டிரிப்புக்கு ரெஜினா லீவு போட்டுவிட்டுத் ஆபீஸ் வேலைக்கும் கொண்டுவரும் தன் சொந்தக் கேமராவோடு ஏறினார். பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டியிருந்தார்கள். பாலத்துக்குச் சற்று முன்னால் பஸ் நின்றபோது இறங்கி, எதிரே நடு ரோட்டில் போய் நின்று எடுக்கத் தொடங்கினார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. ஸேவியர் தலையை வெளியே நீட்டி, "ஓரமா நில்லுடி, அறிவில்ல?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டார். "அண்ணே, கடைசி நாள்ல அண்ணி மேலயே ஏத்தி கேஸ் வாங்கிடாதீங்க" என்று கண்டக்டர் சமாளித்திருக்கிறார். ரெஜினா ஏறி உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் படத்தைக் காட்டு என்று ஸேவியர் கேட்டதற்கு, "பொறந்த நாளைக்குப் பிரிண்டா பாருங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால் இவர் எட்டிப் பார்த்துவிடுவார் என்று அதிலும் ஏற்றவில்லை. பிறந்த நாள் வரவில்லை. அதற்குள் ரெஜினா போய்விட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது சனிக்கிழமை போனில்தான். ரெஜினா இடத்துக்கு எங்கள் ஆபீஸில் கார்த்தி வந்திருக்கிறார். கேமராவை அவருக்கே கொடுத்துவிட ஸேவியர் முடிவு செய்து, பாஷா பாயிடம் துடைத்துத் தரச் சொல்லியிருந்தார். கார்த்தியின் எண்ணுக்காக ஸ்டூடியோவிலிருந்து என்னைக் கூப்பிட்ட ஸேவியர், வைக்கும்போது குரல் இறங்கிப்போய்ச் சொன்னார்: "கேமரா காலியாத்தான் சார் இருக்கு. என் கடைசி டிரிப்பக்கூட அழிச்சிருக்கா. நான் எல்லார் முன்னாலயும் கத்தினேன்ல, மனசுல வச்சிருந்திருக்கா." பாய் அதை ஃபார்மட் செய்து தரப்போகிறார் என்றார்.

உப்பிலியபுரம். எனக்குச் சட்டென்று அதுதான் வந்தது. நாங்கள் போக இருந்த வேலைக்காக முந்தின சாயங்காலம் ரெஜினா புது ஃபோல்டர் போட்டிருப்பார். ஸேவியர் பார்த்தது அந்தக் காலி ஃபோல்டராக இருந்தால்? பாயிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். ஃபார்மட் ஆகிவிட்டதா என்று கேட்டேன். "பண்ணத்தான் போனேன் சார், பேட்டரி உக்காந்துடுச்சு. சார்ஜுல கெடக்கு. ஏறினதும் முடிச்சுடலாம்" என்றார் பாய். "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க பாய்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். பாலக்கரை நெரிசலில் நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. என் வயதில் அப்படி நினைத்ததே அதிகம்.

பாய் பேட்டரியைப் பொருத்தினார். திரையில் படம் இல்லை என்றே வந்தது. ஸேவியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படங்களை எங்கிருந்து காட்டுவது என்று கேட்கும் இடத்துக்குப் பாய் போனார். நடப்பு ஃபோல்டர் என்றிருந்ததை எல்லா ஃபோல்டரும் என்று மாற்றினார். அவ்வளவுதான். திரை நிறைந்தது. வாழைமரம் கட்டிய பஸ், ஸ்டீயரிங்கைத் துடைக்கும் கை, டிக்கெட் பையோடு சிரிக்கும் கண்டக்டர், பாலம். பாய், "மாஷா அல்லாஹ்" என்று உட்கார்ந்துவிட்டார். திரை மங்கலாக இருக்கிறதே என்று வெளிச்சத்தை ஏற்றப் போனவரை ஸேவியர் தடுத்தார். "ஏத்தாதீங்க பாய். அவ வச்சபடியே இருக்கட்டும்."

ஒவ்வொன்றாகத் தள்ளினோம். ஒவ்வொன்றிலும் சாவி இருந்தது. ஸேவியர் தலையை நீட்டிக் கத்தும் படமும் வந்தது. வாய் திறந்திருக்கிறது, கை ஓங்கியிருக்கிறது, கண்ணில் பயம். அதிலும் சாவி. ஸேவியர் அதில் விரலை வைத்தார். பிறகு சொன்னார்: "எல்லாத்துலயும் நான் அவளத்தான் சார் பார்த்துட்டிருக்கேன்."

"டிரைவர் ரோட்டைப் பார்க்கணும் ஸேவியர்" என்றார் பாய். ஸேவியர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் இவ்வளவு அவசரமாக உங்களுக்கு எழுதுகிறேன்.

ரெஜினாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் காலி ஃபோல்டரைத்தான். நேற்று நன்றாக எழுதியதை வீட்டில் விட்டுவிட்டு இன்றைய வேலைக்குப் போவது எப்படி என்று எத்தனையோ வருடம் செய்தி எழுதியும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் அதை முந்தின சாயங்காலமே செய்து முடித்துவிட்டுத் தூங்கப் போனார்.

இனி முடிவாக வேண்டியவை: பிரிண்டுகள் வெள்ளிக்கிழமை வரும் என்று பாய் சொல்லியிருக்கிறார். சுவரில் மாட்ட எந்தப் படம் என்பதை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் ஸேவியர் சொல்வார். கத்தும் படத்தைப் பிரிண்ட் போடத்தான் வேண்டுமா என்று பாய் தயங்கியதற்கு, ஸேவியர் அதைத்தான் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை கார்த்தியும் நானும் உப்பிலியபுரம் போகிறோம். கூட வருவதாக ஸேவியர் சொல்லியிருக்கிறார், முன் சீட்டு வேண்டுமாம். கேமராவில் வேறு எதையும் மாற்ற வேண்டாம் என்று பாயிடம் கேட்டுக்கொண்டேன். ஃபோல்டரை ரெஜினா ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்.