ஒத்திகை வேண்டாம் என்று சொன்ன பாடம்

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது பெரியவர் பாடம் பார்க்க வருகிறார் என்றால், அந்தப் பாடம் முந்தின நாளே நடந்து முடிந்திருக்கும். யார் எழுந்து பதில் சொல்வது, யார் கையை மட்டும் தூக்குவது, யார் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் இருப்பது, எல்லாம் பேசி வைத்தபடி நடக்கும். வருகிறவருக்கும் இது தெரியும். தெரியாதவர் மாதிரி தலையாட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்புவார்.

எனக்கு இந்தக் கூத்து ஆகாது. ஆம்பூருக்கு வெளியே இருக்கும் எங்கள் பள்ளியில் நான் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பிள்ளைகளின் வீடுகளில் அப்பாவோ அம்மாவோ, சில வீடுகளில் இரண்டு பேருமோ, ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் ஒரு பக்கப் பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். ஆனால் உன் வீடு எங்கே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டால் என் முகத்தையே பார்ப்பார்கள். இதை எத்தனை நாளைக்குத்தான் படிப்பு என்று சொல்லிக்கொண்டிருப்பது?

பக்கத்துப் பிரிவுக்கு ஆங்கிலம் எடுப்பவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இருவரும் குடியாத்தத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்துதான் ஒரு புதுப் பாடத்திட்டம் போட்டோம். முதல் பருவம் முழுக்கக் கேள்வி பதில் எழுதிப் போடுவது கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் கரும்பலகையில் ஒரு சூழ்நிலை எழுதுவோம். பிள்ளைகள் தங்களுக்கு வந்ததைச் சொல்லட்டும், தப்பாகவே சொல்லட்டும், திருத்தம் அப்புறம். அக்காவுக்கு என்னைவிட உற்சாகம். பாதிச் சூழ்நிலைகள் அவர் யோசித்தவை.

எங்கள் தாளாளர் ஒரு பாடம் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். அவருக்குப் பிடித்தால் நிர்வாகத்தின் மற்றப் பள்ளிகளிலும் இதையே கொண்டுவருவார்கள். அது வந்தால் சந்தோஷம்தான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வேறு. முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் என் பிள்ளைகள் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசுவார்களா, மாட்டார்களா? நான்கு மாதம் உழைத்தது பலித்திருக்கிறதா என்று பார்க்க எனக்கு வேறு வழி இல்லை. அதனால் ஒத்திகை வேண்டவே வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"சத்தியமா வேணாம்," என்றார்.

தாளாளர் வரவிருந்த வாரம், அணைக்கட்டு என்ற ஊரில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நான் போவதாக இல்லை. அக்காதான் விடவில்லை. "போய்ட்டு வா. உன் கிளாஸ நான் பாத்துக்கறேன். போகலன்னா நாளைக்கு உங்க வீட்ல பேச்சு வரும்," என்றார். என்மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய் இரண்டு நாள் லீவு போட்டேன். திரும்பி வரும்போது கல்யாண வீட்டு முறுக்கும் லட்டும் அவருக்கென்று தனியாகக் கட்டி எடுத்துவந்தேன். தாளாளர் வரும் நாள் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டார்.

தாளாளர் பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்தார். நாங்கள் வைத்திருந்த மூன்று சூழ்நிலைகளில் எதை எடுப்பது என்று நான் அந்த நிமிடம் வரை முடிவு செய்யவில்லை. ஷூ ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரரின் கார் விரிஞ்சிபுரம் பக்கத்தில் நின்றுவிடுகிறது, அவருக்குத் தமிழ் தெரியாது, நீ அங்கே நிற்கிறாய் என்பது ஒன்று. அதையே எழுதலாம் என்று பலகை பக்கம் திரும்பினேன். 'கார்' என்ற வார்த்தையை எழுதி முடித்ததும் முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

"சார், கைண்ட்லி கம் டு த ஷேட்."

நிழலுக்கு வரச் சொல்கிறாள். யாரை என்று நான் இன்னும் எழுதவே இல்லை. அவள் உட்கார்ந்ததும் அடுத்தவன் மெக்கானிக்கைக் கூப்பிட்டான். ஷூ தைக்கும் பிரிவில் வேலை செய்யும் ஓர் அம்மாவின் மகள், வகுப்பில் அதிகம் பேசாத பெண், எழுந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். எல்லோர் வாயிலும் 'கைண்ட்லி'. பாடத்திட்டத்திலிருந்து நான் சண்டை போட்டு நீக்கிய வார்த்தை அது. அக்காவுக்கு அது இல்லாமல் ஒரு வாக்கியம் ஓடாது.

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். மிச்சத்தை எழுதவே இல்லை. எழுத என்ன இருக்கிறது?

"பிரமாதம் டீச்சர்," என்றார் தாளாளர். "இந்த அளவுக்கு நான் எதிர்பார்க்கல."

அவர் போனதும் ஆசிரியர் அறையில் அக்காவைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஆமா, ரெண்டு நாளும் சொல்லிக் குடுத்தேன். மூணுத்துக்கும். பசங்க வாய தொறக்கலன்னா இன்னா பண்ணியிருப்ப? உனக்குத்தான பேஜாரு?"

"வேணாம்னு சத்தியம் பண்ணீங்களே அக்கா."

"ஷூ வாங்கற பையர் வர்றாருன்னா கம்பெனில தரைய கழுவறாங்க இல்ல? அத்த போய் பொய்யின்னு சொல்லுவியா? உன் நல்லதுக்குத்தான செஞ்சேன்."

அவருக்கு என் பாடத்திட்டத்தில் ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை என்று அப்போதுதான் புரிந்தது. பஸ்ஸில் என்னோடு சேர்ந்து சிரித்ததும், சூழ்நிலை யோசித்ததும், கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டு ஒத்திகை பார்த்ததும் எல்லாம் ஒரே மனுஷிதான் செய்தாரா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம். எதிரி செய்திருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

பாடத்திட்டம் ஏற்கப்பட்டது. ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொரு சூழ்நிலைக்கும் மாதிரி விடை சேர்க்க வேண்டுமாம். அதை எழுதும் பொறுப்பை அக்காவுக்குக் கொடுத்தார்கள். பாடத்திட்டப் புத்தகத்தின் அட்டையில் என் பெயரும் இருக்கும் என்று எல்லோரும் கை கொடுத்தார்கள். நான் பஸ்ஸை மாற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வகுப்பில் புதிதாக ஒரு சூழ்நிலை எழுதினேன். அமிர்தி மிருகக்காட்சி சாலையில் தொலைந்துபோன ஒரு சின்னக் குழந்தை. ஒருவரும் எழவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் பதில் சொல்வேன் என்று காத்திருந்தார்கள். மணி அடித்தது.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட அந்தப் பெண் மட்டும் வெளியே போகாமல் என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், அன்னிக்கு நான் வேற ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன்."

"இன்னா கேக்கலாம்னு இருந்த?"

"நீங்க போட்டிருக்கற ஷூ எங்கம்மா தச்சதான்னு அந்த வெளிநாட்டுக்காரர கேக்கலாம்னு. பெரியவங்கள அப்படிலாம் கேக்கக்கூடாதுன்னு அந்த மிஸ் சொல்லிட்டாங்க. தண்ணி வேணுமான்னு கேளுன்னு சொன்னாங்க."

நான்கு மாதமாக நான் காத்திருந்த வாக்கியம் அது. "இப்ப கேளு," என்றேன். "என்னத்தான் அவர்னு வச்சிக்கோ. இங்கிலீஷ்ல கேளு."

அவள் என் செருப்பைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "சார், கைண்ட்லி..." என்று ஆரம்பித்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ முழுசா இருந்துச்சு மிஸ். இப்ப தண்ணிதான் வருது."